சத்திரத்தில் விட்டுப்போன மழைக்கோட்டு

டால்பெர்க் சத்திரம், அலாஸ்கா
ஜூலை 9, 1996

திருமதி ஸ்ட்ராட் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற புதன்கிழமை தங்கள் குடும்பத்தார் வீடுபோல் தங்கி வரும் கேரவன் வண்டியில் வந்து எங்கள் பழைய சத்திரத்தைச் சுற்றிப் பார்த்தபோது, ஒரு நீல மழைக்கோட்டைக் கூடத்து விறகுப்பெட்டியின் மேல் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். கழுத்துப்பட்டியின் உள்ளே 'பென்னி ஸ்ட்ராட்' என்ற பெயரும் பாய்சி நகரத்து விலாசமும் மையால் எழுதப்பட்டிருந்தன. கோட்டு பத்திரமாக இருக்கிறது, தபாலில் அனுப்பிவைக்கிறோம்.

விட்டுப்போன பொருள்களுக்கு மூன்று வரிக்கு மேல் எழுதக்கூடாது என்பது மேலாளர் மிஸஸ் ஹாலோரனின் கட்டளை. மூன்று வரி முடிந்துவிட்டது.

அன்று உங்களுக்குச் சுற்றிக் காட்டிய பெண் நான்தான். பழைய காலத்துப் பாவாடையும் ஏப்ரனும் கட்டிக்கொண்டு நின்றேனே, அவள். உங்கள் பையன் ராய்ஸ், "இந்தக் கட்டில்ல யாராச்சும் செத்திருக்காங்களா?" என்று கேட்டான். "ரெண்டு பேர்" என்றேன். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. பென்னி என் ஏப்ரன் நாடாவைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் வந்தாள். விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் போன பிறகு துடைக்கப் போனேன். கூடத்து அடுப்பு தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே யாரும் போகக்கூடாது. அதற்குள் யாரோ விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். அடியில் பிர்ச் மரப்பட்டை, அதன் மேல் மெல்லிய சிராய்கள் குறுக்கும் நெடுக்குமாக, அதற்கும் மேல் பிளந்த கட்டைகள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. விறைத்த விரலாலும் எடுக்கிற மாதிரி ஒரு குச்சி மட்டும் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள். குடிசையை விட்டுக் கிளம்பும்போது, அடுத்து வருகிறவருக்காக அடுப்பைத் தயாராக வைத்துவிட்டுப் போவது இங்கே குளிர்காலம் கழித்தவர்களின் பழக்கம். அவர்களிலும், பட்டையின் வெள்ளைப் பக்கத்தைக் கீழே வைக்கிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

அம்மா, அது நீங்கள்தானே?

டெல்லா கெம்ப்
வழிகாட்டி


பாய்சி, ஐடஹோ
ஜூலை 25, 1996

டெல்லா கண்ணு,

மழைக்கோட்டைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், அதுதான் சுலபம். அவசரம் இல்லை. பென்னிக்கு இங்கே கோடையில் கோட்டே வேண்டாம். வெயில் கொளுத்துகிறது.

ஆமாம், நான்தான். கயிற்றைத் தாண்டியது எனக்கே தெரியாது. குழந்தைகள் இரண்டும் மாடியில் கட்டிலை எண்ணிக்கொண்டிருந்தன. நான் கிளம்பலாம் என்று திரும்பினேன். அடுப்பில் தூசி படிந்த மூன்று கட்டைகள் மொத்தமாகக் கிடந்தன. ஒரு தீக்குச்சியால் அது பற்றாது. கை தானாகப் போய்விட்டது. உன் மேலாளர் திட்டினாரா?

உனக்கு என்னைத் தெரியவில்லை என்றே நினைத்தேன். நீ ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை, டெல்லா. "இந்த நீள மேசையில் தங்கம் தேடிப் போனவர்களும் தபால்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்" என்று எழுதி வைத்ததைப் படிப்பதுபோலச் சொன்னாய். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் என் பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நீ பாதத்தின் வெளிப்பக்கத்தை ஊன்றி நிற்பாயே, இன்னும் அப்படித்தான் நிற்கிறாய்.

நீ அங்கே வேலை செய்வதைப் பெட்ரோல் போட்ட இடத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "கெம்ப்போட பொண்ணா? சத்திரத்துல பாட்டன் காலத்துப் பாவாடை கட்டிக்கிட்டு நிக்குதே!" என்றான் அந்த ஆள். என் கணவர் வாரன்தான் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார். அவருக்கு உன்னைப் பற்றி எல்லாம் தெரியும். வேண்டுமென்றே உள்ளே வரவில்லை. வண்டியின் ஆடாத பக்கக் கண்ணாடியை ஆடுகிறது என்று சொல்லி வெளியே நின்று முடுக்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்ததும், "பேசினியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கனடா எல்லை வரைக்கும் பாட்டுப் பெட்டியைப் போடவே இல்லை.

"எந்த வகுப்பு படிக்கிற?" என்று நான் கேட்டதற்கு, "படிக்கலைங்க" என்றாய். அந்த 'ங்க' இன்னும் காதில் இருக்கிறது. ஏன் படிக்கவில்லை? இந்தக் குளிர்காலம் இங்கே வந்துவிடேன். ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. நல்ல பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். கீழே எங்கள் தொலைபேசி எண் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

அம்மா


டால்பெர்க் சத்திரம்
ஆகஸ்ட் 11, 1996

அம்மாவுக்கு,

தொலைபேசியில் எனக்கு வாய் வராது. பெட்ரோல் பங்க் வரை போய் எண்களை அழுத்திப் பார்த்தேன். யாரோ சின்னப் பிள்ளை, "ஹலோ, யாரு? ஹலோ?" என்றது. வைத்துவிட்டேன். அது பென்னியாக இருந்தால் பயந்திருப்பாள். சும்மா யாரோ என்று சொல்லிவிடுங்கள்.

நான் தடுமாறாதது தைரியத்தால் அல்ல. அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது, அதனால் நிறுத்தவில்லை.

உங்களை எப்போது கண்டுபிடித்தேன் தெரியுமா? முகத்தைப் பார்த்து அல்ல. முடியை வெட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தீர்கள். எங்கள் சமையலறை வாசல் தாழ்வு. சூடு வெளியே போகாமலிருக்க அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள். சுற்றுலா வருகிற ஒவ்வொருவரும் அங்கே நெற்றியை இடித்துக்கொள்வார்கள். நான் "குனிஞ்சு வாங்க" என்று சொல்வதற்குள் இடித்துவிடுவார்கள். நீங்கள் பேசிக்கொண்டே, அண்ணாந்துகூடப் பார்க்காமல், குனிந்து நுழைந்தீர்கள். நம் குடிசை வாசலும் அதே உயரம்தான். அப்பா அதை இன்னும் உயர்த்தவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசிக்கொண்டே இருந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். வருகிறவர்களிடம் எந்த ஊர், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டுப் பலகையில் கோடு போடுவது என் வேலை. உங்களிடமும் கேட்டேன். "நாலு பேர்" என்றீர்கள். யோசிக்கவே இல்லை. நானும் நாலு கோடு போட்டேன். அதில் நான் இல்லையா?

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அப்பா ஓட்டிய பனி தள்ளும் வண்டி சரிவில் உருண்டு அவர் இடுப்பு உடைந்துபோனது. சமைக்க, விறகு பிளக்க யாரும் இல்லை. கொஞ்ச நாள்தான் என்று நின்றேன். அவர் எழுந்து நடக்கத் தொடங்கினபோது பள்ளி பஸ் நம் பாதைக்கு வருவதை நிறுத்தியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. வகுப்பில் எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். இங்கே யாரும் என்னைக் கேட்பதில்லை, டால்பெர்க் சத்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

மிஸஸ் ஹாலோரன் திட்டினார். "இது காட்சிப்பொருள், டெல்லா. உங்க வீட்டு அடுப்பு இல்ல. எத்தனை தடவ சொல்றது?" என்றார். நான்தான் அடுக்கினேன் என்று நினைத்துவிட்டார். எடுத்துவிடு என்றார். எடுக்கவில்லை.

பாய்சிக்கு வரமாட்டேன். அங்கே வந்தால் நான் யார் என்று பென்னியிடமும் ராய்ஸிடமும் என்ன சொல்வீர்கள்? உங்கள் கடிதத்தில் 'குழந்தைகள் இரண்டும்' என்று இருக்கிறது. அவர்களுக்கு நான் அந்தச் சத்திரத்துப் பெண்தான், இல்லையா? எனக்கு அறை வேண்டாம். அவர்களிடம் சொல்லுங்கள். அது போதும்.

செப்டம்பர் நடுவில் சத்திரத்தை மூடுவோம். மூடுகிற அன்றைக்கு ஈரம் போக அடுப்பைப் பற்றவைப்போம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அடுப்பில் நெருப்பு. உங்கள் விறகு அதுவரை அப்படியே இருக்கும். அதற்குள் சொல்லிவிடுவீர்களா?

டெல்லா

பி.கு: கோட்டை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.


பாய்சி
செப்டம்பர் 2, 1996

என் கண்ணு,

மூன்று தடவை முயன்றேன். ஒரு தடவை பான்கேக் சுடும்போது. பென்னி தேனைத் தரையெல்லாம் கொட்டிவிட்டாள். இன்னொரு தடவை காரில் போகும்போது. ராய்ஸ் வாந்தி எடுத்துவிட்டான். மூன்றாவது தடவை இரண்டும் நல்லபடியாக உட்கார்ந்திருந்தன. நான் வாயைத் திறந்து, "பல் தேய்ச்சீங்களா?" என்று கேட்டேன். வாரன் செய்தித்தாளை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

உன் அப்பாவின் இடுப்பைப் பற்றி எனக்கு யாரும் எழுதவில்லை. யார் எழுதுவார்கள், நான் வெளியே போனவள். அங்கே ஒருவர் ஊரை விட்டு வெளியே போய்விட்டால் செத்துப்போன மாதிரிதானே பேசுவீர்கள்.

நீ 'நாலு பேர்' என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. கிளம்பின அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன், டெல்லா. உனக்கு ஏழு வயது. நினைவிருக்குமோ இருக்காதோ. வண்டி முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. நான் வாசலில் குனிந்து, "வர்றியா? அம்மாகூட வர்றியா, இல்ல அப்பாகிட்ட இருக்கியா? சொல்லு கண்ணு" என்று கேட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்தாய். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உள்ளே போய்விட்டாய்.

அதுதான் உன் பதில் என்று எடுத்துக்கொண்டேன். ஏழு வயதுக் குழந்தை அப்பாவைத் தேர்ந்தெடுத்துவிட்டது, இழுத்துக்கொண்டு போக எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். பிறந்தநாளுக்கு இரண்டு வருடம் அட்டை அனுப்பினேன். பதில் இல்லை. அதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

குழந்தைகளிடம் இதை எப்படிச் சொல்வது? உங்களுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அவள் என்னை வேண்டாம் என்று சொன்னாள் என்றா? கொஞ்சம் பொறு. கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம்.

அம்மா


டால்பெர்க் சத்திரம்
செப்டம்பர் 16, 1996

அம்மாவுக்கு,

நேற்று சத்திரத்தை மூடிவிட்டோம். சன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. மலையில் பாதி வரை பனி இறங்கிவிட்டது. உங்கள் கடிதம் முந்தின நாள் வந்தது.

எனக்கு நினைவிருக்கிறது.

நான் உள்ளே போனது பூட்ஸ் எடுக்க. அடுப்புக்குப் பின்னால் காயவைத்திருந்தது. ஒன்று கிடைத்தது. இன்னொன்று கட்டைகளுக்கு நடுவில் விழுந்திருந்தது. ஒன்றை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படி உடனே சொல்ல வராது. இப்போதும் வராது. யாராவது கேட்டால் முதலில் உள்ளே எல்லாம் அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வரும். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டையும் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது முற்றத்தில் வண்டியின் புகை மட்டும் நின்றுகொண்டிருந்தது. குளிரில் புகை கலையாதே, அது வெகுநேரம் அப்படியே நின்றது. நானும் நின்றேன். அப்பா வந்து, "உள்ள வா, குளிர்ல காது போயிடும்" என்றார்.

அட்டைகள் வந்தன. எல்லாம் வைத்திருக்கிறேன். ஒரு அட்டைக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. அதற்கு யோசித்துக்கொண்டிருந்தபோது வருவது நின்றுவிட்டது.

நேற்று மிஸஸ் ஹாலோரன் தீப்பெட்டியை என் கையில் கொடுத்து, "கொளுத்து, நீ அடுக்கினதுதானே" என்றார். கோபம் எல்லாம் இல்லை, நல்லபடியாகத்தான் சொன்னார். நான் நின்றேன். அவரும் நின்றார், அவசரப்படுத்தவில்லை. பிறகு எனக்குப் பேச்சு வந்தது. "நான் அடுக்கல. எங்கம்மா அடுக்கினது. ஜூலைல வந்திருந்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "அப்ப இது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சமையலறை அடுப்பைத் தானே போய்ப் பற்றவைத்தார். அந்தப் புகையில் இரண்டு பேரும் இருமிக்கொண்டே வெளியே வந்தோம்.

கூடத்து அடுப்பில் உங்கள் விறகு அடுக்கியபடி இருக்கிறது. குளிர்காலம் முழுக்க இருக்கும். கிறிஸ்துமஸுக்கு எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

டெல்லா


பாய்சி
பிப்ரவரி 20, 1997

டெல்லா,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். எனக்கும் உடனே பேச்சு வராது போலிருக்கிறது. உனக்கு அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. நான் அதைச் சிரிப்பாலும் வளவளப்பாலும் மூடிவிடுகிறேன், உனக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு காலில் பூட்ஸோடு நீ தேடிக்கொண்டிருந்தாய். நான் அதைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் பார்த்திருப்பேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

சொல்லிவிட்டேன்.

நானாகத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. நேற்று காலையில் மழை. பென்னி பள்ளிக்குக் கிளம்பி நிலையடியில் நின்று, "என் நீலக் கோட்டு எங்கம்மா?" என்றாள்.

"உங்க அக்காகிட்ட இருக்கு."

வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. வாரன் காப்பிக் கோப்பையோடு அசையாமல் நின்றார்.

"எந்த அக்கா?"

"அலாஸ்காவுல, அந்தப் பழைய சத்திரத்துல உனக்கு எல்லாம் காட்டினாங்களே. டெல்லா. அவ என் பொண்ணு. உங்களுக்கெல்லாம் முன்னாடி பொறந்தவ."

ராய்ஸ் உடனே, "ரெண்டு பேர் செத்த கட்டில் வெச்சிருக்காங்களே, அந்த அக்காவா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உனக்கு அவனிடம் இனி ராணி மரியாதைதான்.

பென்னி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவள் உன்னை மாதிரி, டெல்லா. நான் இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் காத்திருந்தேன். பள்ளி பஸ் வந்து போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவள் கேட்டாள்:

"நம்ம அக்காதானே? அப்பறம் எதுக்கு டிக்கெட் வாங்கினோம்?"

வாரன் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

வரைபடம் சாப்பாட்டு மேசையில் விரித்தபடி கிடக்கிறது, அதன் மேலேயே தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். ஜூனில் வரலாமா? நீ மாட்டேன் என்றால் அதை உன் கையால் எழுது. பதில் வராவிட்டால் இந்தத் தடவை நானாக ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன். மறுபடி எழுதிக் கேட்பேன்.

அம்மா


டால்பெர்க் சத்திரம்
மே 4, 1997

அம்மா,

ஆற்றில் உறைந்திருந்த பனி உடைந்துவிட்டது. சாலையெல்லாம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. வாரனை மெதுவாக ஓட்டச் சொல். வண்டிக்குள் தட்டுகளைத் துணி சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. நீ காத்திருப்பாய் என்று தெரியும்.

வந்ததும் முன்வாசலுக்குப் போகாதீர்கள். அங்கேதான் டிக்கெட் மேசை. பின்னால் சமையலறை வாசல் வழியாக வாருங்கள். தட்ட வேண்டாம். வாரன் உயரமா? அன்று அவர் வண்டிக் கண்ணாடிப் பக்கம் குனிந்து நின்றதால் தெரியவில்லை. உயரம் என்றால் குனியச் சொல்லிவிடு. ராய்ஸிடம், புதிதாக யாரும் சாகவில்லை என்று இப்போதே சொல்லிவை, வந்து ஏமாறவேண்டாம்.

பென்னியின் கோட்டை நான் அனுப்பாதது மறதியால் அல்ல. அனுப்பிவிட்டால் எழுதுவதற்குக் காரணம் இருக்காதே என்று வைத்துக்கொண்டேன். இதற்குள் வளர்ந்திருப்பாள். கையைக் கொஞ்சம் நீட்டித் தைத்திருக்கிறேன். அதே நீலம் கிடைக்கவில்லை. என் பழைய ஏப்ரன் துணியை வைத்துத் தைத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். ரம்பத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டி முடித்தார். பிறகு, "அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டு வை. பாய்சில இருந்து வர்றவளுக்குக் குளிரும்" என்றார். ஜூன் மாதத்தில் குளிருமாம். அன்றைக்கு அவரும் சத்திரத்துக்கு வருகிறாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் நேற்று தன் நல்ல சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பலகைகளைப் பிரித்துக் கூடத்துக்குள் போனேன். எலிகள் மெத்தையை எல்லாம் கடித்திருக்கின்றன. உன் விறகைத் தொடவில்லை. குச்சி தலையை நீட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறது. கயிற்றை அன்றைக்கு ஒரு நாள் அவிழ்த்துவிடலாம் என்று மிஸஸ் ஹாலோரன் சொல்லியிருக்கிறார். "ஆனா புகைக்குழாய நான் முதல்ல பாக்கணும். உங்க குடும்பம் ஒண்ணு சேர்றதுக்கு என் சத்திரத்தக் கொளுத்திடாதீங்க" என்றார். நீ வந்து பற்றவை. அடுக்கினது நீதானே.

இன்னும் ஒன்று. இதை எழுதத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

நீங்கள் உள்ளே வரும்போது நான் கூடத்தில் நிற்பேன். பாவாடை கட்டிக்கொள்ளமாட்டேன். என்னுடைய சாதாரண உடுப்பில்தான் இருப்பேன். மனப்பாடமாகச் சொல்ல அன்றைக்கு என்னிடம் எதுவும் இருக்காது. நீ என் பெயரைச் சொல்வாய். நான் பேசமாட்டேன். ஒருவேளை திரும்பிக்கூடப் போவேன், அடுப்புப் பக்கமோ சன்னல் பக்கமோ. என் முதுகைப் பார்த்து எதுவும் நினைத்துக்கொள்ளாதே. குழந்தைகளையும் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய்விடாதே.

பேச்சு வரும். கொஞ்ச நேரம் நில்லும்மா.

டெல்லா